கிளாசிக்கலா, ஆப்பரன்டா? அன்றாட நடத்தையை எதை வைத்துப் பிரிப்பது?

வினாத்தாள் எழுதியது:

உளவியலில் ஆக்கநிலையுறுத்தம் (சேர்க்கையாலோ விளைவாலோ நடத்தை கற்றல்) பாடத்துக்கு ஒரு பயிற்சித்தாள் தயாராகிறது. பாவ்லோவின் நாய் (மணி கேட்டதும் உமிழ்நீர், கிளாசிக்கல்), ஸ்கின்னரின் எலி (பெட்டியில் நெம்புகோலை அழுத்தி உணவு பெறுவது, ஆப்பரன்ட்) என்று கேட்டால் யாரும் தவறு செய்வதில்லை. அன்றாடக் காட்சி ஒன்றைக் கொடுத்து "இது எந்த வகை?" என்று கேட்டால்தான் குழப்பம். கீழே எட்டு இருக்கின்றன.

1. பல் துளைக்கும் கருவியின் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வியர்க்கிறது.
2. கைப்பேசி 'டிங்' என்றதும் கை அதை நோக்கிப் போகிறது.
3. சீட் பெல்ட் போடும்வரை கார் பீப் அடிக்கிறது. போட்டுவிடுகிறோம்.
4. கடையில் குழந்தை அழுகிறது, மிட்டாய் கிடைக்கிறது. அடுத்த முறை அழுகை இன்னும் பலம்.
5. சங்கிலியை எடுத்தாலே நாய் துள்ளுகிறது.
6. ஒன்றைச் சாப்பிட்டபின் வாந்தி வந்தது. பிறகு அதன் வாசனையே குமட்டுகிறது.
7. படுக்கையில் சாய்ந்ததும் வந்த தூக்கம் ஓடிவிடுகிறது.
8. குளிக்கும்போது பக்கத்து அறையில் குழாய் திறக்கும் சத்தம். அடுத்த நொடி ஷவர் தண்ணீர் சுடும். இப்போதெல்லாம் சத்தம் கேட்டதுமே விலகி நின்றுவிடுகிறோம்.

"அனிச்சைச் செயல் என்றால் கிளாசிக்கல், இச்சைச் செயல் என்றால் ஆப்பரன்ட்." இந்த ஒரு விதி போதுமா?

---

மெட்ரோனோம் எழுதியது:

போதும். 1, 5, 6, 7 கிளாசிக்கல். 2, 3, 4 ஆப்பரன்ட். எட்டாவதில் விலகுவது அனிச்சைதான், அதனால் அதுவும் கிளாசிக்கல். பாடப்புத்தகத்தில் இருக்கும் விதி, தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள்.

---

நெம்புகோல் எழுதியது:

தேர்வில் கேட்பார்கள், சரி. ஆனால் இந்த விதி அடையாளத்தைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்வதில்லை. வெளியே பார்க்க இச்சைச் செயல் போலவே இருந்துகொண்டு முழுக்க முழுக்கக் கிளாசிக்கலாக இருக்கும் நடத்தைகள் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: விளைவு எதைச் சார்ந்து வருகிறது? மணி அடித்தால் உணவு வரும், நாய் என்ன செய்தாலும் வரும். அங்கே உணவு தொங்குவது மணியில். நெம்புகோலை அழுத்தினால்தான் உணவு, அழுத்தாவிட்டால் இல்லை. இங்கே உணவு தொங்குவது நடத்தையில். முதலாவது கிளாசிக்கல் ஏற்பாடு, இரண்டாவது ஆப்பரன்ட் ஏற்பாடு.

"ஏற்பாடு" என்று சொல்வது வேண்டுமென்றேதான். ஏற்பாடு ஒன்றாக இருக்க, உயிரி கற்றுக்கொள்வது இன்னொன்றாக இருக்கலாம். 1948-இல் ஸ்கின்னர் புறாக்களுக்கு 15 நொடிக்கு ஒருமுறை உணவு கொடுத்தார், அவை என்ன செய்தாலும். ஒன்று வட்டமடித்தது, ஒன்று தலையை ஆட்டியது. தற்செயலாக உணவுக்கு முன்னால் வந்த அசைவு வலுப்பட்டுவிட்டது என்று அவர் விளக்கினார். பிறகு வந்தவர்கள் கவனமாகப் பார்த்தபோது, உணவு வரும் நேரத்தை ஒட்டிய அசைவுகள் பெரும்பாலும் எல்லாப் புறாக்களிடமும் ஒரே மாதிரி இருந்தன. உணவை எதிர்பார்க்கும் பறவை இயல்பாகச் செய்பவை அவை.

இதைவிடத் தெளிவான சான்று 1968-இல் பிரவுனும் ஜென்கின்ஸும் செய்தது. ஒரு சிறு வட்டத் தகடு 8 நொடி ஒளிரும், பிறகு உணவு வரும். புறா எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அது தகட்டைக் கொத்தத் தொடங்கியது. கொத்துவதை யாரும் அனிச்சை என்று சொல்லமாட்டோம், ஸ்கின்னரின் பெட்டியில் அதுதான் ஆப்பரன்ட் நடத்தையின் முன்மாதிரி. அடுத்த ஆண்டு வில்லியம்ஸ் தம்பதியர் ஒரு படி மேலே போனார்கள்: கொத்தினால் அந்த முறை உணவு கிடையாது. கொத்தாமல் இருந்தால் மட்டுமே உணவு. பறவைகள் அப்போதும் கொத்தின, கிடைக்க வேண்டிய உணவை இழந்துகொண்டே கொத்தின. விளைவுதான் அந்த நடத்தையை நடத்துகிறது என்றால் அது நின்றிருக்க வேண்டும்.

நான் ரத்துச் சோதனை என்று சொல்வது இதைத்தான். அந்த நடத்தை வந்தால் பலனை ரத்து செய்யுங்கள். நடத்தை ஒழிந்தால் ஆப்பரன்ட். பலனை இழந்தும் தொடர்ந்தால் கிளாசிக்கல். வேறெந்த விதியையும்விட இதற்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

---

மெட்ரோனோம் எழுதியது:

புறா கொத்துவதைக் கொண்டு உமிழ்நீரைத் தீர்மானிக்க முடியாது. சுரப்பி, இதயத்துடிப்பு, வியர்வை இவை தானியங்கி நரம்பு மண்டலத்தின் வேலை. இவற்றுக்கு ஆப்பரன்ட் பயிற்சி நடக்காது. இந்த எல்லையாவது உறுதிதானே?

---

நெம்புகோல் எழுதியது:

உமிழ்நீரிலேயே பார்ப்போம். 1965-இல் ஷெஃபீல்டு நாய்களிடம் இதே ரத்துச் சோதனையைச் செய்தார். ஒலி கேட்கும், உமிழ்நீர் சுரந்தால் அந்த முறை உணவு இல்லை. நாயால் அடக்க முடியவில்லை, சுரந்துகொண்டே இருந்தது. இதுவரை உங்கள் கட்சி.

1967-இல் மில்லரும் கார்மோனாவும் உணவை எடுத்துவிட்டு, தாகமுள்ள நாய்களுக்குத் தண்ணீரைப் பரிசாக வைத்தார்கள். ஒரு குழுவுக்கு உமிழ்நீர் கூடினால் தண்ணீர், இன்னொரு குழுவுக்குக் குறைந்தால் தண்ணீர். ஒன்றில் கூடியது, மற்றதில் குறைந்தது. உணவு தானாகவே உமிழ்நீரை வரவழைக்கும், தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. அந்த இழுப்பு இல்லாதபோது சுரப்பியும் விளைவுக்குக் கட்டுப்பட்டது. தசையை முடக்கிய எலிகளின் இதயத்துடிப்பில் மில்லரின் குழு காட்டிய பெரிய மாற்றங்களைப் பிறகு அவர்களாலேயே திரும்பப் பெற முடியவில்லை, அதனால் அதைச் சான்றாக வைக்கமாட்டேன். ஆனால் "சுரப்பி என்றால் கிளாசிக்கல்" என்ற வேலிக்கு அவ்வளவு பலம் இல்லை.

இதில் இரண்டாவது சோதனையும் ஒளிந்திருக்கிறது. ஒரே தூண்டல், ஒரே பரிசு. இரண்டு எதிர்த்திசைகளில் நடத்தையைத் திருப்ப முடிகிறதா? 1932-இல் கிரிண்ட்லி கினி பன்றிகளுக்கு பஸ்ஸர் சத்தத்தின்போது தலையை ஒரு பக்கம் திருப்பினால் கேரட் என்று வைத்தார். இடம், வலம் இரண்டுக்கும் பழக்க முடிந்தது. பஸ்ஸரும் கேரட்டும் இரண்டிலும் ஒன்றே, மாறியது நடத்தைக்கும் விளைவுக்கும் இடையிலான தொடர்பு மட்டும். வெறும் பஸ்ஸர்–கேரட் சேர்க்கை இடமும் வலமுமாகத் திரும்புவதை விளக்க முடியாது.

நான்காவது உதாரணத்தில் வைத்துப் பாருங்கள். அதே மிட்டாயைக் கொண்டு குழந்தையை அமைதியாக நிற்கவும் பழக்கலாம், அலறவும் பழக்கலாம். தெளிவான ஆப்பரன்ட். ஒன்றாவதில்? கருவியின் சத்தத்துக்கு உள்ளங்கை காய்ந்துபோகும்படி அதே வலியை வைத்துப் பழக்க முடியுமா? முடியாது.

---

அரைநொடி எழுதியது:

விலங்குப் பயிற்சிப் பக்கத்திலிருந்து ஐந்தாவதைப் பற்றி மட்டும். அதை ஒரே பெட்டியில் போடாதீர்கள். சங்கிலியை எடுத்ததும் நாயிடம் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன: உடல் பரபரக்கிறது (மூச்சு, வால், கண்), கால்கள் துள்ளுகின்றன. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு.

சோதிக்க: சங்கிலியை எடுங்கள். துள்ளினால் பேசாமல் அதன் இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள், 20 நொடி காத்திருங்கள். நான்கு காலும் தரையில் இருந்தால் கொக்கியை மாட்டி உடனே வெளியே. முதல் சில முறை துள்ளல் கூடும், அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். இதுவரை பலன் தந்த நடத்தைக்குப் பலன் நின்றால் முதலில் எழும் அலை அது. பெரும்பாலும் சில அமர்வுகளில் கால் தரையில் நிற்கும். வால் நிற்காது, மூச்சு நிற்காது. ஆக, துள்ளல் ஆப்பரன்ட், பரபரப்பு கிளாசிக்கல்.

எங்கே கெடுகிறது என்றால், பத்தில் ஒருமுறை அவசரத்தில் துள்ளும் நாயையே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எப்போதும் பலன் கிடைத்த நடத்தையைவிட எப்போதாவது பலன் கிடைத்த நடத்தை மறைய அதிக நாள் எடுக்கும். அந்த ஒருமுறை மற்ற ஒன்பதையும் கெடுத்துவிடும்.

---

வினாத்தாள் எழுதியது:

@அரைநொடி, இதே போல ஒன்று: இன்னொரு நாயைப் பார்த்ததும் குரைக்கும் நாய்க்கு அந்த நேரத்தில் தீனி கொடுக்கச் சொல்கிறார்கள். குரைத்ததற்குப் பரிசு கொடுத்தது போல ஆகாதா?

---

மெட்ரோனோம் எழுதியது:

கண்டிப்பாக ஆகும். குரைப்பு, உடனே தீனி. நேர்மறை வலுவூட்டலுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

---

அரைநொடி எழுதியது:

இந்த இழையின் தலைப்புக்கு நேரான கேள்வி இதுதான். எந்த வகை என்று தவறாகக் கணித்தால் சிகிச்சையே தலைகீழாகும்.

பயத்தில் குரைக்கும் நாய்க்கு மாற்ற வேண்டியது குரைப்பை அல்ல, "அந்த நாய் = ஆபத்து" என்ற சேர்க்கையை. அதற்கு விதி: இன்னொரு நாய் தெரிந்தால் தீனி வரும், நம் நாய் என்ன செய்தாலும் வரும். நிபந்தனை இல்லாமல் கொடுப்பதால்தான் அது கிளாசிக்கல். பயம் என்ற உணர்ச்சி தீனிக்காகச் செய்யப்படும் வேலை இல்லை, தீனி கொடுத்தால் பயம் வளராது.

செய்யும் விதம்: மற்ற நாய் கண்ணில் படும், ஆனால் நம் நாய் இன்னும் தின்னும் நிலையில் இருக்கும், அப்படி ஒரு தூரத்தில் தொடங்குங்கள். தின்ன மறுத்தால் தூரம் போதாது. மற்ற நாய் தெரிந்து ஒன்றிரண்டு நொடி கழித்து முதல் துண்டு. அது தெரியும்வரை சிறு துண்டுகள் தொடரட்டும், மறைந்ததும் கை நிற்கட்டும். ஒரு அமர்வில் ஐந்தாறு முறை போதும். மற்ற நாயைப் பார்த்ததும் நம் நாய் "எங்கே என் துண்டு?" என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கியபின்தான் தூரத்தைக் குறையுங்கள்.

எல்லோரும் தவறுவது வரிசையில். தூரத்தில் நாய் வருவதை மனிதர் முதலில் பார்த்துவிடுவார், பையில் கை போகும், பிறகுதான் நம் நாய் பார்க்கும். பை சரசரப்பது முதலிலும் பயம் பின்னாலும் வந்தால், நாய் கற்றுக்கொள்வது "பை சரசரத்தால் ஆபத்து வருகிறது" என்று. நல்ல தீனியைப் பாழாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

@மெட்ரோனோம் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை. எல்லாக் குரைப்பும் பயக் குரைப்பு இல்லை. கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் குரைப்பது கேட்டு வாங்கும் குரைப்பு, அதற்குத் தீனி கொடுத்தால் வளரும். வாசல் மணிக்குக் குரைப்பதில் இரண்டும் உண்டு: மணி பரபரப்பைத் தூண்டுகிறது, குரைத்தபின் வந்தவர் போய்விடுகிறார். தபால்காரர் எப்படியும் போகத்தான் போகிறார், நாய்க்கு அது தெரியாதே. குரைத்தேன், எதிரி ஓடினான் என்ற கணக்கு தினமும் சரியாக வருகிறது.

---

நெம்புகோல் எழுதியது:

தபால்காரர் உதாரணத்தைப் பயிற்சித்தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். குரைத்தபின் விலகியது, அதனால் குரைப்பு கூடியது. இதை எதிர்மறை வலுவூட்டல் என்று எழுத வேண்டும், "தண்டனை" என்று அல்ல. வலுவூட்டல் என்றாலே நடத்தை கூடும். நேர்மறை, எதிர்மறை என்பது ஒன்று சேர்ந்ததா, விலகியதா என்பதற்கான குறி மட்டும். சீட் பெல்ட் பீப்பும் இதே வகை. பீப் அடித்தபின் போட்டால் தப்பித்தல், அடிக்கும் முன்பே போட்டால் தவிர்த்தல்.

நான்காவதில் இன்னொருவரும் பயிற்சி பெறுகிறார். குழந்தைக்கு மிட்டாய் கிடைத்தது, நேர்மறை. கொடுத்தவருக்கு அழுகை நின்றது, எதிர்மறை. இருவருமே அடுத்த முறை தத்தம் வேலையை இன்னும் வேகமாகச் செய்வார்கள். மூன்று நிமிடம் தாங்கிவிட்டுப் பிறகு கொடுத்தால், மூன்று நிமிட அழுகைக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று.

---

மறதிக்கோடு எழுதியது:

எட்டாவதும் ஏழாவதும் யாரும் தொடாமல் கிடக்கின்றன. சிகிச்சைக்கு வருபவை இந்த மாதிரிதான்.

எட்டில், சத்தம் கேட்டதும் உடல் இறுகுவது, நெஞ்சு ஒருமுறை துடிப்பது இவை கிளாசிக்கல். சத்தம் முன்னறிவிப்பு, சூடு இயற்கைத் தூண்டல் (கற்காமலே எதிர்வினையை வரவழைப்பது). விலகி நிற்பது ஆப்பரன்ட், ஏனென்றால் சூடு தோலில் படுமா இல்லையா என்பது விலகுவதைச் சார்ந்தது. முதலாவது இரண்டாவதற்கு எரிபொருள். 1947-இல் மௌரர் சொன்ன இருகாரணிக் கோட்பாடு இதுதான்: பயம் சேர்க்கையால் வருகிறது, பயத்தைக் குறைக்கும் செயல் விளைவால் நிலைக்கிறது.

அந்தக் கோட்பாட்டுக்குச் சிக்கல்களும் உண்டு. தவிர்த்தல் நன்றாகப் பழகியபின் பயத்தின் அறிகுறிகள் குறைந்துவிடுகின்றன, நடத்தை மட்டும் நிற்பதில்லை. சாலமனும் வின்னும் 1953-இல் நாய்களிடம் பார்த்தது அது. சமிக்ஞை வந்து 10 நொடிக்குள் தடுப்பைத் தாண்டினால் மின்னதிர்ச்சி இல்லை. அதிர்ச்சியை முழுக்க நிறுத்திய பிறகும் அவை நூற்றுக்கணக்கான முறை தாண்டின. காரணம் புரிகிறதா? தாண்டிக்கொண்டே இருப்பதால் "இனி அதிர்ச்சி வராது" என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வரவில்லை. பயத்தைக் கிளப்பும் பொருளைத் தவிர்ப்பவர்களிடமும் இதே பூட்டு. தவிர்த்தல் என்ற ஆப்பரன்ட், பயம் என்ற கிளாசிக்கல் மறைவதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் எதிர்கொள்ளல் சிகிச்சையில் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். தூண்டல் முன்னால் இருக்க வேண்டும், தப்பிக்கும் செயல் தடுக்கப்பட வேண்டும். நாயைக் கண்டு பயப்படுபவர் நாயருகே நின்றுகொண்டு கண்ணை மூடினாலோ, துணைக்கு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாலோ அதுவும் சின்னத் தப்பித்தல்தான். "கை பிடித்ததால் பிழைத்தேன்" என்று கணக்கு எழுதப்படும். ஒரே அறையில், ஒரே நாயுடன் மட்டும் செய்தால் வேறு இடத்தில் பயம் திரும்பும். மறைதல் என்பது பழையதை அழிப்பதில்லை, மேலே புதிதாக ஒன்றைக் கற்பது. அந்தப் புதியது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடம், நேரம், நாய் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். சில நாள் இடைவெளி விட்டதும் பயம் கொஞ்சம் தலைகாட்டும். அது தானே மீளல், தோல்வி இல்லை.

---

வினாத்தாள் எழுதியது:

ஏழாவது?

---

மறதிக்கோடு எழுதியது:

தூக்கம் வராமல் புரண்ட இரவுகள் சேரச் சேரப் படுக்கையே விழிப்புக்கான தூண்டலாகிவிடுகிறது. சோபாவில் கண் சொக்கும், படுக்கைக்குப் போனால் பளிச்சென்று விழிப்பு. இது கிளாசிக்கல் வாசிப்பு.

ஆனால் 1972-இல் பூட்சின் இதற்கு முறை வகுத்தபோது ஆப்பரன்ட் மொழியில்தான் வகுத்தார். அதன் பெயரே தூண்டல் கட்டுப்பாடு. படுக்கை என்பது "இங்கே படுத்தால் தூக்கம் கிடைக்கும்" என்ற பச்சை விளக்காக இருக்க வேண்டும். அங்கேயே படம் பார்ப்பது, கணக்குப் போடுவது, கவலைப்படுவது எல்லாம் நடந்தால் விளக்கின் நிறம் கலங்கிவிடும்.

இரண்டு வாசிப்பும் ஒரே மருந்துக்கே கொண்டுபோகின்றன. தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். படுக்கை தூக்கத்துக்கும் உடலுறவுக்கும் மட்டும். ஏறக்குறைய 15, 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், மறுபடி சொக்கும்போது வாருங்கள், எத்தனை முறையானாலும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். பகல் தூக்கம் வேண்டாம். நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள், உத்தேசமாக எண்ணுங்கள், இல்லாவிட்டால் கடிகாரமே புதிய விழிப்புத் தூண்டலாகும். முதல் சில இரவுகளில் தூக்கம் இன்னும் குறையும். அதைத் தாங்காமல் மதியம் படுத்துவிடுவதுதான் பெரும்பாலும் முறையைக் கெடுக்கிறது. அந்த நாட்களில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டக் கூடாது.

---

மெட்ரோனோம் எழுதியது:

சரி, ரத்துச் சோதனையை ஏற்கிறேன். ஆறாவதாவது சுத்தமான கிளாசிக்கல் என்று விட்டுவிடலாமா?

---

நெம்புகோல் எழுதியது:

குமட்டல், ஆம். ஒரு விசித்திரத்தோடு. உள்ளங்கை வியர்வை மாதிரியான சேர்க்கைகளில் தூண்டலுக்கும் விளைவுக்கும் இடையே நொடிகள்தான் இருக்கலாம். ஒரு சமிக்ஞைக்குக் கண்ணிமைக்கப் பழக்கும்போது அரை நொடிக்குள் இருந்தால் நல்லது. சுவையும் வாந்தியும் மட்டும் சில மணி நேர இடைவெளியிலும், ஒரே ஒரு முறையிலும் ஒட்டிக்கொள்ளும். 1966-இல் கார்சியாவும் கோலிங்கும் எலிகளுக்குச் சுவையும் ஒளியும் ஒலியும் சேர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். நோயுற்ற எலிகள் பிறகு சுவையைத் தவிர்த்தன, அதிர்ச்சி பெற்றவை ஒளியையும் ஒலியையும் தவிர்த்தன. எதுவும் எதோடும் ஒட்டிவிடாது. அன்றைய வாந்திக்கு வைரஸ் காரணம் என்று பிறகு தெரிந்தாலும் குமட்டல் போவதில்லை. அறிவுக்கு எட்டிய செய்தி வயிற்றுக்கு எட்டுவதில்லை.

இன்னொரு பொதுத் தவறு: சேர்ந்து வந்தாலே சேர்க்கை உருவாகும் என்று எழுதுவது. 1968-இல் ரெஸ்கார்லா காட்டியது வேறு. ஒலியின்போது அதிர்ச்சி வரும் வாய்ப்பு 0.4, ஒலி இல்லாதபோதும் அதே 0.4 என்றால், எத்தனை முறை சேர்ந்து வந்தாலும் எலி ஒலிக்குப் பயப்படவில்லை. தூண்டல் ஏதாவது புதிய தகவல் சொல்ல வேண்டும்.

ஆக்கநிலைத் துலங்கல் (கற்றபின் வரும் எதிர்வினை) எப்போதும் இயற்கைத் துலங்கலின் (கற்காமலே வரும் எதிர்வினையின்) நகல் என்றும் எழுதாதீர்கள். போதைப்பொருளில் எதிர்த்திசையில் ஓடும். வழக்கமான சூழலைக் கண்டதும் உடல் மருந்தின் விளைவை ஈடுகட்டத் தயாராகிறது. சீகல் குழு 1982-இல் ஹெராயின் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு கொடுத்தது: பழகிய அறையில் 32 சதவீதமும், வேறு அறையில் 64 சதவீதமும், முன்பு பழகாதவற்றில் 96 சதவீதமும் இறந்தன. பழகிய அறை கொடுத்த முன்னெச்சரிக்கைதான் அந்த வித்தியாசம்.

---

அரைநொடி எழுதியது:

கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு பயிற்சிக் கருவி) பற்றி ஒரு வரி, வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். கிளிக்–தீனி, கிளிக்–தீனி என்று 15, 20 முறை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுப்பது கிளாசிக்கல். அதன்பின் உட்கார்ந்த கணத்தில் கிளிக் அடிப்பது ஆப்பரன்ட். நடத்தைக்கும் கிளிக்குக்கும் இடையே அரை நொடிக்கு மேல் போகக் கூடாது, தீனி இரண்டு மூன்று நொடி தாமதித்தாலும் பரவாயில்லை. கிளிக் அடித்துவிட்டுத் தீனி கொடுக்காமல் ஏமாற்றினால் முதல் பகுதி கரைந்து, இரண்டாவதும் சேர்ந்து போகும்.

---

வினாத்தாள் எழுதியது:

திருத்திய விடை இது, சரிபாருங்கள்.

1 கிளாசிக்கல். 2 கிளாசிக்கல்: 'டிங்' பாவ்லோவின் மணி, கை நீட்டுவது அதன் துலங்கல். 3 எதிர்மறை வலுவூட்டல். 4 குழந்தைக்கு நேர்மறை, பெரியவருக்கு எதிர்மறை. 5 பரபரப்பு கிளாசிக்கல், துள்ளல் ஆப்பரன்ட். 6 கிளாசிக்கல். 7 இரண்டு வாசிப்பும் ஏற்கலாம். 8 இறுக்கம் கிளாசிக்கல், விலகல் ஆப்பரன்ட்.

---

நெம்புகோல் எழுதியது:

இரண்டாவது மட்டும் தவறு. செய்தி கண்ணுக்கு வருவது கைப்பேசியை எடுத்தால்தான், எடுக்காவிட்டால் 'டிங்' மட்டும்தான். ஆக விளைவு நடத்தையில் தொங்குகிறது. 'டிங்' இங்கே பாவ்லோவின் மணி இல்லை, "இப்போது எடுத்தால் பலன் உண்டு" என்று சொல்லும் பிரித்தறி தூண்டல். மணி உணவைக் கொண்டுவருகிறது, பச்சை விளக்கு வாய்ப்பைத் திறக்கிறது. இரண்டும் நடத்தைக்கு முன்னால் வருவதால்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள். 'டிங்' கேட்டதும் மனத்தில் எழும் ஒரு சின்னத் துடிப்பு இருக்கிறதே, அதை மட்டும் கிளாசிக்கல் பக்கம் எழுதுங்கள்.

ஒலியே இல்லாமல் சும்மா எடுத்து எடுத்துப் பார்ப்பதைப் பலர் சூதாட்ட இயந்திரம் என்று எழுதுகிறார்கள். அது மாறும் விகித அட்டவணை: எத்தனையாவது இழுப்பில் விழும் என்று தெரியாது, அதிகம் இழுத்தால் அதிகம் விழும். செய்தி அப்படி வருவதில்லை. நீங்கள் எத்தனை முறை பார்த்தாலும் அனுப்புபவர் அனுப்பும்போதுதான் வரும். அது மாறும் இடைவெளி அட்டவணை. 1957-இல் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் பதிவு செய்தபடி அது மிதமான, விடாத வேகத்தைத் தரும். முடிவே இல்லாமல் விரலால் தள்ளிக்கொண்டே போகும் பக்கங்கள்தான் விகித அட்டவணைக்கு நெருக்கம்.

---

மெட்ரோனோம் எழுதியது:

செய்தியே வராது என்று தெரிந்த நேரத்திலும் கை போகிறதே. பலன் இல்லாமலே தொடர்கிறது. உங்கள் ரத்துச் சோதனைப்படி அது கிளாசிக்கல் ஆகிவிடாதா?

---

நெம்புகோல் எழுதியது:

நல்ல பிடி. சோதனைக்கு அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. நெடுநாள் பழகிய ஆப்பரன்ட் நடத்தை, பலன் மதிப்பிழந்தபிறகும் கொஞ்ச காலம் ஓடும். ஆடம்ஸ் 1982-இல் எலிகளை நெம்புகோல் அழுத்தப் பழக்கினார், பிறகு அந்த உணவையே குமட்டலோடு சேர்த்து வெறுக்க வைத்தார். 100 முறை பரிசு பெற்றவை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. 500 முறை பெற்றவை அழுத்திக்கொண்டே இருந்தன. முதலாவது நோக்கத்தோடு செய்வது, இரண்டாவது பழக்கம். ஆப்பரன்டாகத் தொடங்கியதுதான் பழக்கமாக இறுகியது, அது பாவ்லோவியமாக மாறிவிடவில்லை.

பிரித்தறிய எதிர்த்திசைச் சோதனையைப் பயன்படுத்துங்கள். கைப்பேசியை எடுக்கப் பழகிய கையை, அதே செய்தியைப் பலனாக வைத்து, மேசையில் கவிழ்த்து வைக்கவும் பழக்கலாம். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். அதனால் விடைத்தாளில் இரண்டாவதுக்கு "ஆப்பரன்ட், பழக்கமாக இறுகியது" என்று எழுதுங்கள். ஒரே முறை ரத்து செய்துவிட்டு முடிவு கட்டக் கூடாது, பல நாள் ரத்து செய்து வளைகோடு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

---

வினாத்தாள் எழுதியது:

மாற்றியாயிற்று. தபால்காரர் ஒன்பதாவது கேள்வி, பை சரசரக்கும் சத்தம் பத்தாவது.